ஏரியலைக் கழற்றி ஒரு டீ

ஏப்ரல் 8, செவ்வாய்

கத்திரி தொடங்க இன்னும் நாலு வாரம் இருக்கிறது. நாமக்கல்லில் அதற்குள் முப்பத்தொன்பது டிகிரி. அலுவலகக் குழாயைத் திறந்தால் டீ போடும் சூட்டில் தண்ணீர் வருகிறது.

காலையில் சௌந்திரம் அக்கா போன் செய்தார். விசிறிகளை இயக்கும் எங்கள் பெட்டியை வைத்திருக்கும் அறுபத்து மூன்று கோழிப்பண்ணைக்காரர்களில், என்னிடம் சண்டை போட்டாலும் எனக்குப் பிடிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். இன்றைய சண்டை: நாங்கள் செல்போனுக்கு அனுப்பும் வெப்ப அளவு தப்பாம். அதில் முப்பத்துமூன்று என்று வருகிறது, கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி முப்பத்தொன்று காட்டுகிறதாம். "ரெண்டுல எது பொய் சொல்லுதுன்னு பார்த்துச் சொல்லுங்க அம்மிணி" என்றார். வெப்பமானிக்கு வயதாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன். ஆத்தூர்க்காரிக்கு வாய் அதிகம் என்று எங்களுக்குப் பெட்டி பொருத்தும் மாதேஷண்ணன் சும்மா சொல்வதில்லை.

நாளை அவர் கொட்டகையிலிருந்து வயதான கோழிகள் எல்லாம் லாரி ஏறுகின்றன. கழுவிவிட்டுப் புதுக் கோழி விடும்வரை அவருக்கும் ஓய்வு, என் காதுக்கும் ஓய்வு.

ஏப்ரல் 9, புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

11.50. சௌந்திரம் அக்கா கூப்பிட்டார். கோழிகள் போய்விட்டன, மின்விசிறிகளைத் துடைக்க ஆட்கள் ஏணியில் ஏற வேண்டும், எல்லாவற்றையும் நிறுத்திக் கொடுங்கள் என்றார். கணினித் திரையைத் திறந்து 'நிறுத்து' என்பதை அமுக்கினேன். எட்டு விசிறியும் நின்றுவிட்டதாகத் திரை காட்டியது. நின்றாயிற்று அக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த அழைப்பு காத்திருந்தது.

12.20. குணசீலன் சார் தன் அறையிலிருந்து ஓடிவந்தார். இந்த நிறுவனத்தின் முதலாளி ஓடி நான் பார்த்ததே இல்லை. எங்கள் பெட்டி இருக்கும் அர்த்தநாரி பண்ணையில் எட்டு விசிறியும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. மூடிய கொட்டகை, உள்ளே இருபதாயிரம் கோழி, வெளியே அந்த வெயில். அபாய மணி அடிக்கவில்லை. விசிறி பழுதானால் மணி அடிக்கும், நாமே நிறுத்தச் சொன்னால் அடிக்காது. மேற்பார்வையாளர் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு எழுந்துவந்து பார்ப்பதற்குள் இருபத்திரண்டு நிமிடம் போய்விட்டது.

முன்னூற்றுப் பன்னிரண்டு கோழி செத்துவிட்டது.

அங்கிருக்கும் பெட்டி தனக்குள் எழுதிவைத்திருப்பது: 11.52, அலுவலகக் கட்டளை, நிறுத்து, அமுக்கியவர் சரிதா.

சரிதா என்றால் நான்.

ஏப்ரல் 10, வியாழன்

அர்த்தநாரி ஐயா நேரிலேயே வந்துவிட்டார். அறுபது வயது இருக்கும். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் அழுதிருப்பேன், கொஞ்சம் லேசாகியிருக்கும். என்னைப் பார்க்காமல் குணசீலன் சாரைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் புள்ளை இனி எங்க பண்ணைப் பக்கம் கை வெக்கக் கூடாதுங்க. அவ்வளவுதான்." வைத்த டீயைத் தொடாமல் போய்விட்டார்.

நான் சௌந்திரம் பண்ணையைத்தானே அமுக்கினேன்? அலுவலகப் பதிவை எடுத்துப் பார்த்தேன். அதில் பண்ணைப் பெயர் விழாது, பெட்டியின் எண்தான் விழும். "11.52 – 4545 – நிறுத்து." 4545 யாருடையது என்று பட்டியலில் தேடினேன். அர்த்தநாரி பண்ணை.

அப்படியானால் தப்பான பெயரைத்தான் அமுக்கியிருக்கிறேன்.

நாளையிலிருந்து திரையில் என்னோடு வேலை செய்யும் கலைமணி உட்காருவாள். வரும் 25-ஆம் தேதி வெளியூர் நிறுவனம் ஒன்று தன்னுடைய தயார்ப் பெட்டியைக் காட்ட வருகிறதாம். பிடித்துவிட்டால் அறுபத்து மூன்று பண்ணையிலிருந்தும் நான் எழுதிய நிரலைக் கழற்றிவிடுவார்கள். இரண்டரை வருட வேலை. குணசீலன் சார் இதைக் கோபமில்லாமல் சொன்னார், அதுதான் வலிக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

நான்தானா?

ஏப்ரல் 12, சனி

இல்லை. நான் இல்லை.

காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது. பட்டியல் அகர வரிசையில் இருக்கிறது. அர்த்தநாரி முதல் வரி, திரையைத் திறந்ததும் கண்முன் நிற்கும். சௌந்திரம் எங்கேயோ கீழே. அன்றைக்கு நான் பட்டியலைத் தள்ளிக்கொண்டே கீழே போனது நன்றாக நினைவிருக்கிறது. தள்ளும்போது சுண்டுவிரல் நகம் மேசையில் இடித்து, அக்காவிடம் பேசிக்கொண்டே "ஸ்ஸ்" என்றேன். கீழே போனவள் மேலே இருக்கிற வரியை எப்படி அமுக்குவேன்?

உடனே சௌந்திரம் அக்காவைக் கூப்பிட்டேன். புதன்கிழமை உங்கள் விசிறிகள் நின்றனவா என்று கேட்டேன்.

"எங்கீங்க நின்னுச்சு? நீங்க நின்னாச்சுன்னு சொல்லி வெச்சுட்டீங்க, இங்க அது பாட்டுக்குச் சுத்துது. அப்பறம் நாங்களே மெயினை ஆஃப் பண்ணிப்போட்டு ஏறுனோம்."

ஏன் அக்கா சொல்லவில்லை என்றேன். வெப்பமானியைப் பற்றிச் சொன்னதற்கே புதிது வாங்கு என்றவளிடம் விசிறியைப் பற்றிச் சொன்னால் கொட்டகையையே புதிதாகக் கட்டச் சொல்வீர்கள் என்று விட்டுவிட்டாராம்.

இந்தத் திட்டு எனக்கு வேண்டியதுதான். ஆனாலும் போனை வைத்துவிட்டு அறையில் நின்றபடியே சிரித்தேன். மூன்று நாள் கழித்து முதல் சிரிப்பு.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆத்தூர். அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். போர்ட், சர்வர் எதுவும் அவளுக்குப் புரியவில்லை, தேவையும் இல்லை. "செஞ்ச தப்பை ஒத்துக்கற பொண்ணுதான் நீ. செய்யாததை எதுக்குடி ஒத்துக்கற?" என்றாள். எழுந்துபோய் இரண்டு தோசை கூடப் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். பட்டியலை எண் வரிசையில் மாற்றிப் போட்டேன்.

4545 – அர்த்தநாரி பண்ணை.
4545 – சௌந்திரம் பண்ணை.

அடுத்தடுத்த வரி! வியாழக்கிழமை தேடியபோது முதலில் கிடைத்ததைப் பார்த்து நிறுத்திவிட்டிருக்கிறேன். மேலே இருந்ததைப் பார்த்து என்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்டேன். இரண்டு பெட்டிக்கு ஒரே எண். எப்படி?

ஏப்ரல் 15, செவ்வாய்

குணசீலன் சாரிடம் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"சௌந்திரம் ஆருன்னு நெனச்ச? அர்த்தநாரியண்ணனோட தம்பி சம்சாரம். தம்பி தவறிப்போனதுக்கப்பறம் அதுதான் பண்ணையப் பாக்குது. அண்ணன் தம்பியோட அப்பா வாங்குன மொத லாரி நாப்பத்தஞ்சு நாப்பத்தஞ்சு. அப்பறம் டிராக்டரு, காரு, புல்லட்டு, அந்த ஊட்டுல எது வாங்குனாலும் அதே நம்பர்தான்."

பெட்டிக்கு நாலு இலக்க எண்ணை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கட்டும் என்பது குணசீலன் சாரின் யோசனை. எல்லோரும் வண்டி எண்ணையே கொடுத்தார்கள், மறக்காது என்று. இந்த ஊரில் நாலு எண்ணைச் சொன்னால் யார் வீட்டு வண்டி என்று டீக்கடையில் சொல்வார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரே எண் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனால் யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு மொபெட். அதன் எண் அப்பாவுக்கே மறந்துபோகும். அந்த நாலு எண்ணை அப்படியே சர்வரில் கதவு எண்ணாக, அதாவது போர்ட் எண்ணாக, வைத்தவள் நான். இரண்டு பேர் ஒரே எண்ணைக் கேட்டால் என்ன ஆகும் என்று யோசிக்காதவளும் நான்.

குணசீலன் சாருக்குச் சொன்ன விளக்கத்தை இங்கேயும் எழுதிவைக்கிறேன். பண்ணைப் பெட்டிகள் சிம் கார்டில் ஓடுகின்றன. வெளியிலிருந்து யாரும் அவற்றைக் கூப்பிட முடியாது. அதனால் பெட்டியே எங்கள் சர்வரை எஸ்எஸ்எச் வழியாகக் கூப்பிட்டு, "எனக்கு 4545-ஆம் கதவைக் கொடு, அங்கே யார் தட்டினாலும் என்னிடம் அனுப்பு" என்று கேட்கிறது. இதற்குப் பெயர் ரிமோட் போர்ட் ஃபார்வர்டிங். கேட்கிற வேலையை நான் எழுதவில்லை. உலகத்தில் பலரும் பயன்படுத்தும் ஒரு லைப்ரரி, அதாவது வேறு யாரோ எழுதி எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்திருக்கும் நிரல், செய்கிறது. நான் திரையில் சௌந்திரம் என்று அமுக்கினால் 4545-ஆம் கதவைத் தட்டுகிறேன். கதவுக்குப் பின்னால் அர்த்தநாரி பண்ணை நின்றால்? அந்த விசிறி நிற்கும். என்னுடைய திரை சௌந்திரம் என்றே காட்டும், ஏனென்றால் பெயர் என் பட்டியலிலிருந்து வருகிறது.

வெப்பமானி பொய் சொல்லவில்லை. அக்காவின் போனுக்கு இத்தனை நாளாக அவர் கணவரின் அண்ணன் கொட்டகையின் வெப்பத்தை அனுப்பியிருக்கிறோம்.

மதியம் மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்துச் சோதித்தேன். இரண்டுக்கும் 4545. முதல் பெட்டிக்குக் கதவு கிடைத்தது. இரண்டாவதைப் போட்டேன். சர்வர் "முடியாது" என்றது, லைப்ரரி அதை ஒழுங்காக என்னிடம் சொன்னது, பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டேன். சிவப்பு. பத்து முறை போட்டேன். பத்தும் சிவப்பு.

"இதுதான் ஒழுங்கா வேலை செய்யுதேம்மா" என்றார் குணசீலன் சார். உண்மைதான். சௌந்திரம் பண்ணைப் பெட்டிக்குக் கதவு மறுக்கப்பட்டிருந்தால் அங்கே பிப்ரவரியிலிருந்து சிவப்பு எரிந்திருக்க வேண்டும். பொருத்திய அன்றிலிருந்து அது பச்சை.

ஏப்ரல் 16, புதன்

சிவப்பு. சிவப்பு. சிவப்பு. சீ.

ஏப்ரல் 17, வியாழன்

மாதேஷண்ணா, நீங்கள் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

அறுபத்து மூன்று பெட்டியையும் பொருத்தியவர் அவர்தான். பத்து வருஷம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் கம்ப்ரசர் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். பண்ணை பண்ணையாகப் போகிற ஆள், வாரத்தில் ஒருநாள்தான் அலுவலகத்தில் தென்படுவார். சௌந்திரம் பண்ணையில் பொருத்திய அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"சிகப்பு எரிஞ்சுதுங்க. ஏரியலைக் கழட்டி மாட்டுனனுங்க. பச்சை வந்துருச்சு."

முதலில் சிவப்பா? ஏன் சொல்லவில்லை?

"அதுலென்னங்க சொல்றதுக்கு? எந்தப் பெட்டி மொரண்டு பண்ணுனாலும் அப்பிடித்தானுங்க. ஏரியலைக் கழட்டி மாட்டுனா வழிக்கு வந்துரும்."

மேசைக்கு ஓடினேன். இரண்டாவது பெட்டியில் வழக்கம்போல சிவப்பு. சிக்னல் வாங்கும் ஏரியலைக் கழற்றினேன், மாட்டினேன். சிவப்பு. மறுபடி கழற்றி மாட்டினேன். சிவப்புதான். அழுகை வந்துவிட்டது. அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நிதானமாகச் சொன்னார்:

"நீங்க டீ குடிக்கலீங்களே அம்மிணி."

விளையாட்டு இல்லை. ஏரியலைக் கழற்றிவிட்டு ஒரு டீ குடிப்பாராம், பிறகுதான் வந்து மாட்டுவாராம். அதுதான் அவருடைய முறை. கழற்றிவைத்துவிட்டுக் கீழே கடைக்குப் போனோம். எனக்கு டீ இறங்கவே இல்லை. அவர் ஊதி ஊதிக் குடித்தார். வேண்டுமென்றேதான் ஊதினார் என்று நினைக்கிறேன். மேலே வந்து மாட்டினார்.

பச்சை.

கதவு முதல் பெட்டியிடம் இருக்கிறது. இரண்டாவது பெட்டிக்கு எதுவுமே இல்லை. ஆனாலும் பச்சை! இரண்டாவது பெட்டியின் பெயரைத் திரையில் அமுக்கினேன். முதல் பெட்டியில் மாட்டியிருந்த மேசை விசிறி நின்றது.

கத்திவிட்டேன். கலைமணி திரையை விட்டு எழுந்துவந்துவிட்டாள். அண்ணன் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டார்.

ஏப்ரல் 18, வெள்ளி

அலுவலகம் விடுமுறை. நான் வந்தேன். லைப்ரரியின் மூல நிரலை முதல் வரியிலிருந்து படித்தேன். பதினொன்றரை மணிக்குத் தப்பு கிடைத்தது.

பெட்டி முதல்முறை கதவு கேட்கும்போது ஒரு பகுதி வேலை செய்கிறது. அது கேட்கிறது, சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கிறது, மறுத்தால் சொல்கிறது. சுத்தமான வேலை. இணைப்பு அறுந்து தானாகத் திரும்ப வரும்போது வேறொரு பகுதி. அது பழைய கோரிக்கைகளை எல்லாம் மறுபடி கேட்கிறது. முதலில் மறுக்கப்பட்டதையும் சேர்த்துத்தான் கேட்கிறது, ஏனென்றால் அதைப் பட்டியலிலிருந்து எடுக்கவே இல்லை. கேட்டுவிட்டு, பதில் என்ன என்று பார்க்காமலேயே "கிடைத்தது" என்று எழுதிவிடுகிறது. அந்த இடத்தில் எழுதியவரின் குறிப்பு ஒன்று இருக்கிறது: பதிலைச் சரிபார்க்க வேண்டும், பிறகு. நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி.

பிறகு! அந்த ஒரு வார்த்தைக்குள் முன்னூற்றுப் பன்னிரண்டு கோழி இருக்கிறது.

டீயும் விளங்கிவிட்டது. ஏரியலை உடனே மாட்டினால் இணைப்பு அறுந்ததே லைப்ரரிக்குத் தெரியாது. மூன்று நிமிடம் போனால்தான் அறுந்ததாக முடிவு செய்து இரண்டாவது வழியில் போகும். நான் மின்சாரத்தை நிறுத்திப் போட்டபோதெல்லாம் பெட்டி புதிதாகப் பிறந்து முதல் வழியில் போனது, அதனால்தான் அத்தனை சிவப்பு. பண்ணையில் கரண்ட் போனால் பெட்டி சாகாது, பேட்டரி இருக்கிறது. செல்போன் கோபுரம்தான் அடங்கும். அதாவது தினம் தினம் இரண்டாவது வழி.

இதைக் கண்டுபிடித்தவள் நான்தான். எழுதிப் பார்த்துக்கொள்கிறேன், நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

குணசீலன் சார் பார்த்தார். இரண்டு முறை செய்துகாட்டச் சொன்னார். இடையில் இரண்டு முறையும் டீ. பிறகு, "நானும் ஒன்னய நம்பலையேம்மா" என்றார். பரவாயில்லை சார் என்று சொல்லவில்லை. அது பொய்யாக இருந்திருக்கும். திங்கட்கிழமை அர்த்தநாரி ஐயாவை அழைத்துவாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 21, திங்கள்

வந்தார். அழைத்ததற்காக வந்தேன் என்கிற முகத்தோடு உட்கார்ந்தார்.

மேசையில் இரண்டு விசிறி வைத்திருந்தேன். ஒன்றில் அர்த்தநாரி என்றும் மற்றதில் சௌந்திரம் என்றும் தாள் ஒட்டியிருந்தேன். மாதேஷண்ணன் எல்லாவற்றையும் முன்பே தயார் செய்துவிட்டார், டீ உட்பட. ஐயாவையே அமுக்கச் சொன்னேன். சௌந்திரம் என்ற பெயரை நீங்களே தொடுங்கள் என்றேன். தொட்டார். அர்த்தநாரி என்று ஒட்டிய விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. மற்றது ஓடிக்கொண்டே இருந்தது.

நின்ற விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை தானாகவே அமுக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்தூட்டுலயும் இன்னும் நாப்பத்தஞ்சு நாப்பத்தஞ்சுதான் வெச்சிருக்கறாங்களா?"

ஆமாம் என்றார் குணசீலன் சார்.

"பாகம் பிரிக்கறப்ப கெணறு, மோட்டாரு, களம், வண்டித்தடம், எல்லாம் எழுதுனோமுங்க. நம்பரை எழுதாம உட்டுட்டோம்."

இரண்டு வீட்டுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லையாம். நான் என் பங்குத் தப்பை ஒளிக்கவில்லை. ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்தது, கதவுக்குப் பின்னால் யார் என்று கேட்காதது, நிறுத்தச் சொன்னால் மணி அடிக்காமல் வைத்தது, மூன்றையும் சொன்னேன். உங்கள் கோழிகள் செத்ததில் இந்த மூன்றும் என்னுடைய தப்பு ஐயா, ஆனால் நான் தப்பாக அமுக்கவில்லை என்றேன். இதைக் காலையில் கண்ணாடி முன்னால் நாலு முறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

அவர் இன்றைக்கு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

எண் சண்டை. இருவரில் ஒருவர் எண்ணை மாற்றிக்கொண்டால் தற்காலிகமாகத் தீரும் என்று குணசீலன் சார் போன் போட்டார். நான் எதற்கு மாற்ற வேண்டும், மூத்தவன் நான் என்கிறார் ஐயா. சௌந்திரம் அக்கா என்னிடமே சொல்லிவிட்டார்: "எங்கூட்டுக்காரரு வண்டி நம்பருங்க அம்மிணி. அதை மட்டும் கேக்காதீங்க."

கேட்க மாட்டேன். யாரும் எதையும் மாற்ற வேண்டாம். இனிமேல் பெட்டி குறிப்பிட்ட கதவைக் கேட்காது. "காலியாக இருக்கிற ஒன்றைக் கொடு, எதுவென்று சொல்" என்று கேட்கும். சர்வர் சொல்லும் எண்ணை வைத்துக்கொள்ளும். 4545 இரண்டு வீட்டுக்கும் பெயர்ப்பலகையில் இருக்கட்டும், கதவு வேறு வேறு. கட்டளை போகும் முன் பெட்டி தன் பெயரைத் தானே சொல்லும், பொருந்தினால்தான் விசிறி நிற்கும். நிறுத்தச் சொன்னாலும் மணி அடிக்கும், பண்ணையில் ஒருவர் வந்து சரி என்று அமுக்கும்வரை.

நாள் முழுக்க எழுதினேன். பசிக்கவில்லை.

ஏப்ரல் 23, புதன்

லைப்ரரியையும் திருத்தினேன். நாலே வரி. கூடவே, தப்பை நிரூபிக்கும் சோதனை ஒன்று. பராமரிக்கிறவர்களுக்கு அனுப்பிவிட்டேன். மறுபடி நிகழ்த்தும் முறையில் மூன்றாம் படி: ஏரியலைக் கழற்றவும். நான்காம் படி: ஒரு டீ குடிக்கவும் (சுமார் மூன்று நிமிடம்). ஐந்தாம் படி: மாட்டவும். அடிக்குறிப்பில், இம்முறை எங்கள் மாதேஷ் அவர்களுடையது என்று எழுதினேன். கலைமணி இதையெல்லாமா எழுதுவார்கள் என்றாள். எழுதுவேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

தயார்ப் பெட்டிக்காரர்கள் வந்தார்கள். குணசீலன் சார் அவர்களிடம் ஒரே கேள்வி கேட்டார்: உங்கள் பெட்டிக்குக் கதவு மறுக்கப்பட்டால் எந்த விளக்கு எரியும்? பச்சை எப்போதும் பச்சைதான் சார் என்றார்கள். டீ கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஏப்ரல் 28, திங்கள்

பதில் வந்துவிட்டது! எங்கேயோ குளிர்நாட்டில் இருந்து அந்த லைப்ரரியைப் பராமரிக்கிற மனிதர். நாலு வருஷத்தில் ஏழு பேர் இதே கோளாறைச் சொன்னார்களாம், ஒருவராலும் மறுபடி நிகழ்த்திக்காட்ட முடியவில்லையாம். எல்லோரும் மின்சாரத்தை நிறுத்திப் போட்டுப் பார்த்துக் கைவிட்டிருக்கிறார்கள், என்னைப்போலவே. நான்காம் படியைப் படித்துவிட்டுத் தானும் போய் டீ போட்டாராம், திரும்பிவந்து பார்த்தால் பச்சையாம். அந்த "பிறகு" என்ற குறிப்பை எழுதியது தான்தான் என்று ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார். திருத்தத்தை ஓர் எழுத்துகூட மாற்றாமல் சேர்த்துக்கொள்கிறார்.

அவர்மேல் பத்து நாளாக வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். அறுபத்து மூன்றாவது பெட்டியிலும் புது நிரல் ஏற்றியாயிற்று. கடைசி, பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு பண்ணை. சோதனைக்காக நான் இங்கிருந்து கதவை மறுத்துவைத்தேன். மாதேஷண்ணன் போன் செய்து, ஏரியலைக் கழற்றி டீ குடித்து மாட்டினேன், இப்போது சிவப்பு எரிய வேண்டிய இடத்தில் சிவப்பே எரிகிறது என்றார். சிவப்பு விளக்குக்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட இரண்டு பேர் இந்த ஜில்லாவில் இருக்க மாட்டார்கள்.

மே 12, திங்கள்

லைப்ரரியின் புதுப் பதிப்பு வெளிவந்துவிட்டது. குறிப்பின் கடைசியில்: கண்டுபிடித்துத் திருத்தியவர் சரிதா, நிகழ்த்தும் முறை மாதேஷ், நாமக்கல். அண்ணனிடம் காட்டினேன். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டார். எழுத்துக்கூட்டித் தன் பெயரை இரண்டு முறை படித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சௌந்திரம் அக்கா போன். புது வெப்பமானி வாங்கிவிட்டாராம், நான் சொன்னேன் என்று. அதுவும் பழையதும் இப்போது எங்கள் பெட்டியும் ஒரே அளவு காட்டுகின்றனவாம். ஆக, என் பேச்சைக் கேட்டு ஒன்று தண்டமாக வாங்கியதுதான் மிச்சம் என்றார். நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். வரும்போது வெறும் கையோடு வராதீர்கள் என்றார்.

ஜூன் 18, புதன்

நேற்று மழை. கொஞ்சம் குளிர்ச்சி.

அர்த்தநாரி பண்ணையில் இந்தத் தடவைக் கோழிகள் விடிகாலையிலேயே லாரி ஏறிவிட்டன. பத்து மணிக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது. கலைமணி எடுத்தாள். விசிறி துடைக்க வேண்டும், நிறுத்த வேண்டும் என்றார் போலிருக்கிறது. இதோ நிறுத்துகிறேன் ஐயா என்றாள். பிறகு கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனை அப்படியே என்னிடம் நீட்டினாள்.

"சரிதாம்மிணிங்களா? நீங்களே அமுக்குங்க சாமி" என்றார் அர்த்தநாரி ஐயா.

திரையைத் திறந்தேன். முதல் வரி. பெட்டி தன் பெயரைச் சொன்னது: அர்த்தநாரி பண்ணை. அமுக்கினேன். போனில் மணி அடிப்பது கேட்டது, அப்புறம் எட்டு விசிறியும் ஒவ்வொன்றாக அடங்குவது கேட்டது. நின்றுவிட்டது என்று அவரே சொல்லும்வரை நான் போனை வைக்கவில்லை.